ஈர மண்ணில் வாடும் பயிர்



பயிர் ஏன் வாடுகின்றது என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும், தண்ணீர் இல்லாமையால் என்று உடனே விடை கூறிவிடுவான். அவ்விடை பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது முழுமையான விடையன்று. மண்ணிலே தண்ணீர் இருக்கும்போதே அம்மண்ணில் நிற்கும் பயிர் வாடி மடிவதுண்டு. கையில் எடுத்தால் குளிர்ச்சி தட்டுகின்ற, விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுகின்ற மண்ணிலே கூட இது நிகழும். இது எவ்வாறு என்பதையும், இதனை அறிந்துகொள்வதால் நம் கமக்காரருக்கு விளையும் பயன் யாது என்பதையுமே இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டிருக்கின்றேன்.

நான் விஞ்ஞானம் கற்றுத் தேறியவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, வரலாறும் தமிழும் கற்பித்து, இன்று மாத்தளை மாவட்டத்தில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகப் பணியாற்றுபவன். அப்படியிருக்க, மண்ணைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். சீகிரியாவிலே நான் கண்ட ஒரு காட்சிதான் என்னை இப்பொருளின் பக்கம் திருப்பியது. ஆகவே அதனையே முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

ஆடி மாத நடுப்பகுதியில் எங்கள் பாடசாலை மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவாகச் சீகிரியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, இருக்கும் ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போயிற்று. பாறைக்குச் செல்லும் வீதியோரத்தில் ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது. ஒரே கமக்காரரின் தோட்டந்தான். ஆனால் இரு துண்டுகளாக அமைந்திருந்தது. மேட்டுப் பக்கத்தில் இருந்தது பரல் கலந்த செங்கபில நிற மண். பள்ளத்துப் பக்கத்தில் இருந்தது கருமை படர்ந்த களிமண். இரண்டு துண்டுகளிலும் செடிகள் தலை தொங்கி நின்றன.

அதைக் கண்ட மாணவி ஒருத்தி, "ஐயா, இவையெல்லாம் செத்துவிட்டனவா?" என்று கேட்டாள். தோட்டத்தில் நின்ற பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு அருகே வந்தார். அவள் கேட்டதை நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் அவர் சிரித்தார். மத்தியானத்தில் செடியைப் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது என்றும், விடியற்காலையில் வந்து பார்த்தாற்றான் உண்மை தெரியும் என்றும் சொன்னார். மேலும், தம் கிணற்றில் ஊறுகின்ற நீர் ஒரு நாளைக்கு ஒரு துண்டின் ஒரு பகுதிக்கே போதுமாக இருப்பதால், காய்ந்து கிடக்கும் மேட்டுத் துண்டுக்கே சில நாட்களாக நீர் இறைப்பதாகவும், பள்ளத்து மண்ணில் இன்னும் ஈரம் இருப்பதால் அதனை இரண்டு வாரத்துக்கு மேலாக விட்டுவைத்திருப்பதாகவும் கூறினார். களிமண்ணைக் கிள்ளி எம்மிடம் காட்டவும் செய்தார். அதில் ஈரம் இருந்தது உண்மையே.

அன்றிரவு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தங்கினோம். வெயில் ஏறுமுன் பாறையில் ஏறிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே புறப்பட்டோம். வழியில் அத்தோட்டத்தை மீண்டும் பார்த்தோம். மேட்டுத் துண்டில், பார்வைக்கு வறண்டு கிடந்த செம்மண்ணில், செடிகள் இலை விரித்து நிமிர்ந்து நின்றன. பள்ளத்துத் துண்டில், ஈரக் களிமண்ணில், செடிகள் முன்தினம் நின்றவாறே தலை தொங்கி நின்றன. பெரியவர் வரம்பில் குந்தியிருந்தார். முன்தினச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. ஈரம் இருக்கின்றது என்று நம்பி ஏமாந்துவிட்டேன் என்னும் கருத்துப்பட ஏதோ சொன்னார்.

ஈரமான மண்ணில் செடி வாடி நிற்க, வறண்ட மண்ணில் செடி நிமிர்ந்து நின்றது ஏன்? அன்று மாணவர்கள் கேட்ட இக்கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. திரும்பி வந்த பின்னர் நூல்களைப் படித்தும், எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், பாடசாலையிலே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்த்தும் அறிந்துகொண்டதையே இனிச் சொல்லப்போகின்றேன்.

மண் என்பது ஒரே கட்டியான பொருளன்று. எண்ணற்ற துணிக்கைகளும், அவற்றின் இடையே துளைகளும் சேர்ந்ததே மண். மழை பெய்யும்போது அத்துளைகள் யாவும் நீரால் நிரம்புகின்றன. மழை விட்டதும், பெரிய துளைகளில் நின்ற நீர் தன் பாரத்தால் கீழே வடிந்துவிடுகின்றது. சிறிய துளைகளில் உள்ள நீரோ துணிக்கைகளைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றது. துவைத்த சேலையொன்றைக் கொடியில் போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் நீர் தானாகவே சொட்டும். சற்று நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். ஆனால் சேலை ஈரமாகவே இருக்கும். அதைப் பிழிந்தால் மேலும் நீர் வரும். இன்னும் பலமாகப் பிழிந்தால் இன்னும் சிறிது வரும். இறுதியில் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு துளியும் வராத நிலை ஏற்படும். அப்போதும் சேலையைத் தொட்டுப் பார்த்தால் ஈரந்தான்.

மண்ணின் நிலையும் இதுவே. வடிய வேண்டிய நீர் வடிந்தபின் மண் பிடித்துவைத்திருக்கும் நீரின் அளவை வயற்கொள்ளளவு என்பர். அந்த நீரைப் பயிர் தன் வேர்களால் இழுத்தெடுத்துக்கொள்ள வேண்டும். நீர் குறையக் குறைய, எஞ்சிய நீர் மண்துணிக்கைகளின் மேல் மெல்லிய படலமாக ஒடுங்குகின்றது. படலம் மெலிய மெலிய மண்ணின் பிடி இறுகுகின்றது. வேரின் இழுவை மண்ணின் பிடியை வெல்ல முடியாத ஓர் எல்லை வருகின்றது. அவ்வெல்லையையே நிரந்தர வாடல் நிலை என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கின்றனர்.

இந்தப் பிடியின் வலிமையை அவர்கள் அளந்தும் இருக்கின்றனர். வயற்கொள்ளளவு நிலையில் மண் நீரைப் பிடித்திருக்கும் இழுவை வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது அதனிலும் குறைவு. நிரந்தர வாடல் நிலையிலோ அது 15 வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமானது. இஃது எவ்வளவு பெரிய இழுவை என்பதைச் சீகிரியாவைக் கொண்டே விளக்கலாம். ஒரு வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 10 மீற்றர் உயரமான நீர்நிரலைத் தாங்கும். ஆகவே 15 வளிமண்டலம் என்பது ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்துக்கு நீரை இழுத்து நிறுத்தக்கூடிய வலிமை. சீகிரியாப் பாறை சுற்றுப்புறத் தரையிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. தரையில் உள்ள நீரை அப்பாறையின் முக்காற் பங்கு உயரத்துக்கு இழுப்பதற்கு எவ்வளவு வலிமை வேண்டுமோ, அவ்வளவு வலிமையை ஒரு மிளகாய்ச் செடி தன் வேர்நுனியில் செலுத்துகின்றது. அதற்கு மேலும் இழுக்க அதனால் இயலவில்லையென்றால் அதன்மீது குறை சொல்ல முடியுமா?

இந்த இழுவை செடிக்கு எங்கிருந்து வருகின்றது? இலைகளின் அடிப்புறத்தில் இலைவாய்கள் எனப்படும் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாக வெளியேறுகின்றது. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். இலையிலிருந்து நீர் போகப் போக, அதனை ஈடுசெய்யத் தண்டின் வழியே வேரிலிருந்து நீர் மேலே இழுக்கப்படுகின்றது. உச்சி வெயிலில் வெளியேறும் நீர் மிகுதி. மண்ணில் போதிய நீர் இருந்தாலும் வேர் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற்போகலாம். அப்போது இலை துவளும். மாலையில் வெயில் தணிந்து, இரவில் இலைவாய்கள் மூடியபின், வேர் மெதுவாக நீரை எடுத்து இழந்ததை நிரப்பிவிடும். விடியற்காலையில் செடி நிமிர்ந்து நிற்கும். இது தற்காலிக வாடல். ஓர் இரவு முழுவதும் அவகாசம் கொடுத்தும் செடி நிமிராவிட்டால், மண்ணின் பிடி வேரின் இழுவையை வென்றுவிட்டது என்பது பொருள். இதுவே நிரந்தர வாடல். சீகிரியாப் பெரியவர் நூல் படித்து இதனை அறிந்தவரல்லர். ஆயினும் விடியற்காலையில் வந்து பார் என்று அவர் சொன்னதும், ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள் கையாண்ட முறையும் ஒன்றே.

நிரந்தரம் என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நிரந்தரமாக வாடிவிட்டது என்றால் செடி இறந்துவிட்டது என்று பொருளன்று. மண்ணுக்குப் புதிதாக நீர் சேர்ந்தாலன்றி அது மீளாது என்பதே பொருள். உடனே நீர் பாய்ச்சினால் மீளக்கூடும். ஆனால் பூவும் பிஞ்சும் உதிர்ந்திருக்கலாம். விளைச்சலில் ஒரு பகுதி போய்விட்டது. காலந் தாழ்த்தினால் செடியும் போய்விடும்.

இந்த எல்லையை முதன்முதலில் விரிவாக அளந்தவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் கமத்தொழில் திணைக்களத்தைச் சேர்ந்த லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷான்ட்ஸ் என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வு 1912ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறு கலங்களில் பலவகை மண்ணை இட்டு, அவற்றில் பலவகைப் பயிர்களை வளர்த்து, மண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாதவாறு மெழுகால் மூடி, செடி வாடி மீளாத நிலையில் மண்ணில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கின்றது என்று அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர் மண்ணை நன்றாக உறிஞ்சிவிடும். தாங்காத பயிர் நீரை மிச்சம் வைத்து மாளும் என்பதே அதுவரை பலரும் கொண்டிருந்த எண்ணம். அவர்கள் கண்டதோ வேறு. பயிர் எதுவாயினும் எஞ்சிய நீரின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மண் மாறும்போதுதான் அளவு பெரிதும் மாறியது. மிகப் பரும்படியான மணலில் 1 வீதத்துக்கும் குறைவாக நீர் எஞ்சியது. கடுங்களியில் 30 வீதம் வரை எஞ்சியது.

பின்னர் கலிபோர்னியாவில் வீமையர், ஹென்ட்ரிக்சன் என்போர் பழத்தோட்டங்களில் இவ்வாய்வைத் தொடர்ந்தனர். சூரியகாந்தி நாற்று எல்லையைக் காட்டும் செடியாக ஆய்வுகூடங்களில் வழக்குக்கு வந்தது. அதே மாநிலத்தில் லொரன்சோ ரிச்சர்ட்ஸ் என்பவர் அமுக்கத்தைப் பயன்படுத்தி மண்ணிலிருந்து நீரை வெளியேற்றும் கருவியை அமைத்தார். 1940களில், 15 வளிமண்டல அமுக்கத்தில் மண்ணில் எஞ்சும் நீரின் அளவு, சூரியகாந்தி வாடும் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக இருப்பது நிறுவப்பட்டது. அன்று முதல், செடி வளர்த்துக் காத்திராமலே மண்ணின் எல்லையை அளந்துகொள்ள முடிந்தது.

இனி, சீகிரியாத் தோட்டத்துக்குத் திரும்புவோம். கனவளவில் 100 பங்கு மண்ணை எடுத்துக்கொண்டால், மணல் மண்ணில் ஏறத்தாழ 5 பங்கு நீர் எஞ்சும்போது பயிர் வாடல் எல்லையை அடைகின்றது. மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த இருவாட்டி மண்ணில் அவ்வெல்லை 12 முதல் 15 பங்கு வரை. கடுங்களியிலோ 25 முதல் 30 பங்கு வரை. அப்படியானால், 20 பங்கு நீர் உள்ள இருவாட்டி மண்ணில் பயிர் உயிரோடு நிற்கும். அதே 20 பங்கு நீர் உள்ள கடுங்களியில் பயிர் வாடிவிடும். இத்தனைக்கும் இரண்டிலும் உள்ள நீரின் அளவு ஒன்றே. களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணியவை. அவற்றின் மொத்த மேற்பரப்பு மிகப் பெரிது. நீர் அம்மேற்பரப்பு முழுவதிலும் மெல்லிய படலமாகப் பரந்து இறுகிப்போய்விடுகின்றது. நம் கைக்கு ஈரமாகத் தெரிவது அந்த நீர்தான். செடியின் வேருக்கோ அது கிடையாப் பொருள்.

இக்காரணத்தால் களிமண் பொல்லாதது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வயற்கொள்ளளவுக்கும் வாடல் எல்லைக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குக் கிடைக்கும் நீர். ஒரு மீற்றர் ஆழமான மணல் மண்ணில் அவ்வாறு கிடைப்பது ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். நல்ல இருவாட்டியில் அது 140 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். களிமண் மொத்தத்தில் இருவாட்டியைவிட மிக அதிகமான நீரைப் பிடித்துவைத்திருந்தாலும், பயிருக்குக் கொடுப்பது பெரும்பாலும் இருவாட்டி கொடுக்கும் அளவை ஒட்டியே இருக்கும். எவ்வளவு வைத்திருக்கின்றான் என்பதைவிட எவ்வளவு கொடுக்கின்றான் என்பதே கடன் கேட்கப் போனவனுக்கு முக்கியமல்லவா? மேட்டுச் செம்மண்ணுக்கும் ஒரு குறை உண்டு. அதில் பரற்கற்கள் கலந்திருக்கின்றன. கல் நீரைப் பிடிப்பதில்லை. கனவளவில் பாதி பரலாக இருந்தால், பயிருக்குக் கிடைக்கும் நீரும் பாதியாகக் குறைந்துவிடும்.

மண்ணின் வகையோடு வேரின் ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தம்புள்ளை, சீகிரியாப் பகுதிகளில் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் பயிரிடுவார்கள். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் 30 சதமமீற்றர் மண்ணில்தான் இருக்கின்றது. இருவாட்டியானால் அந்த ஆழத்தில் கிடைக்கும் நீர் ஏறத்தாழ 42 மில்லிமீற்றர். கோடையில் நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் நீர் வெளியேறும் என்று கொண்டால், ஏழு அல்லது எட்டு நாட்களில் வாடல் எல்லை வந்துவிடும். அந்த எல்லை வரும்வரை காத்திருப்பதும் தவறு. வெங்காயம், மிளகாய் போன்ற பயிர்களுக்குக் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ 30 வீதம் தீர்ந்ததுமே மீண்டும் நீர் கொடுக்க வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல். அதன்படி வெங்காயத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக நீர் வேண்டும். சோளமோ ஒரு மீற்றர் ஆழம்வரை வேர் விடக்கூடியது. கிடைக்கும் நீரில் பாதிக்கு மேல் தீரும்வரை பொறுக்கவும் கூடியது. அதே மண்ணில் அது இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும்.

நேயர்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாப் பயிருக்கும் எல்லை ஒன்றே என்றால், சீகிரியாவைச் சூழ்ந்த காட்டிலே பாலை, வீரை போன்ற மரங்கள் ஆவணி வெயிலிலும் பசுமையாக நிற்பது எவ்வாறு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பிரிக்ஸ், ஷான்ட்ஸ் ஆகியோர் ஆராய்ந்தவை பெரும்பாலும் பயிர்ச் செடிகளே. 1957ஆம் ஆண்டில் ரால்ப் ஸ்லாட்டியர் என்னும் அவுஸ்திரேலிய அறிஞர், வாடல் எல்லை மண்ணை மாத்திரம் பொறுத்ததன்று, செடியின் உயிரணுக்களிலுள்ள சாற்றின் செறிவையும் பொறுத்தது என்று எடுத்துக்காட்டினார். பாலைநிலச் செடிகள் சில 15 வளிமண்டலத்தைப் பல மடங்கு கடந்தும் நீரை இழுக்கவல்லவை. இருந்தபோதிலும் அந்த எல்லைக்கு அப்பால் மண்ணில் மீந்திருக்கும் நீர் மிகச் சிறிது. ஆகவே பயிர்களைப் பொறுத்தவரை 15 வளிமண்டலம் என்னும் கணக்குப் போதியது. காட்டு மரங்களோ ஆழத்தில் இன்னும் ஈரம் குன்றாத மண்ணுக்குத் தம் வேரை இறக்கி வைத்திருக்கின்றன. கரையோரப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மண்ணில் உப்பு ஏறினால் நீரின் மீதுள்ள பிடி மேலும் இறுகும். அங்கே வயல் சேறாக இருக்கும்போதே பயிர் வாடக்கூடும்.

நம் நாட்டில் ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியை உலர் வலயம் என்பர். அப்பகுதியின் மேட்டு நிலங்களில் மிகப் பரந்து கிடப்பது செங்கபில நிற மண்ணே. காய்ந்தால் கல்லாக இறுகுவதும், நனைந்தால் ஒட்டிக்கொள்வதும் அதன் இயல்பு. இம்மண்ணின் தன்மையை அறிவதற்கு மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்கேயும், மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தினரும் ஆற்றிய பணி பெரிது. பெரும்போகத்திலே கூட மழை தொடர்ந்து பெய்வதில்லை. இடையிலே பத்து நாள், பதினைந்து நாள் என்று மழை ஓய்ந்துவிடுகின்றது. அந்த இடைவெளியைப் பயிர் கடக்குமா கடக்காதா என்பதை முடிவுசெய்வது, வேரடியிலுள்ள மண் வாடல் எல்லைக்கு மேலே எவ்வளவு நீரைச் சேமித்து வைத்திருக்கின்றது என்பதே. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 2017இலும் நீடித்த வரட்சியில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை. குளங்கள் வற்றுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். குளம் வற்றுமுன்பே மண்ணுக்குள் வற்றிப்போகும் நீரை ஒருவரும் காண்பதில்லை.

சீகிரியாவின் வரலாறும் நீரோடு பிணைந்ததே. 5ஆம் நூற்றாண்டில் அங்கு கோட்டையமைத்த காசியப்பனின் தந்தை தாதுசேனன், கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்தவன். ஆட்சியைப் பறித்த மகன் தந்தையின் செல்வம் எங்கே என்று கேட்டபோது, அக்குளத்து நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வம் இதுவே என்று தாதுசேனன் கூறியதாகச் சூளவம்சம் சொல்லுகின்றது. மகனும் நீரின் அருமையை அறியாதவனல்லன். அவன் காலத்து நீர்ப் பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் நீரைப் பீச்சுகின்றன. நிலத்தின் மேல் நீரைத் தேக்குவதில் நம் முன்னோர் அடைந்த தேர்ச்சியை உலகம் போற்றுகின்றது. நிலத்துக்குள் நீரைத் தேக்குவதிலும் நாம் அதே கருத்துச் செலுத்த வேண்டிய காலம் இது.

அதற்குச் சில எளிய வழிகள் உள. முதலாவது, செடியை விடியற்காலையில் பார்க்க வேண்டும். அப்போதும் வாடியிருந்தால் எல்லை கடந்துவிட்டது. அந்நிலை வருமுன்பே செடி முன்னறிவிப்புச் செய்கின்றது. நேற்று நண்பகலில் துவண்ட செடி இன்று காலை பத்து மணிக்கே துவண்டால், அல்லது மாலையில் நிமிரும் நேரம் நாளுக்கு நாள் பிந்திப்போனால், உடனே நீர் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மேற்பரப்பின் நிறத்தை நம்பலாகாது. மண்வெட்டியால் வேரின் ஆழம்வரை ஒரு குழி வெட்டி, அங்குள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். தம் வயல் மண்ணில் எந்த ஈரத்தில் பயிர் வாடுகின்றது என்பதை ஒருமுறை கவனித்து, அந்த மண்ணின் தன்மையைக் கையால் உணர்ந்து நினைவில் வைத்துக்கொண்டால், மறுமுறை ஏமாற நேராது. மூன்றாவது, வைக்கோலும் சருகும் கொண்டு மண்ணை மூடினால், வெயிலில் வீணாக ஆவியாகும் நீர் குறையும். நான்காவது, மக்கிய எருவைத் தொடர்ந்து இட்டுவந்தால் மண்ணின் கட்டமைப்புத் திருந்தி, பயிருக்குக் கிடைக்கும் நீர், குறிப்பாக மணற்பாங்கான நிலங்களில், கூடும்.

பாடசாலை மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். நாங்கள் செய்த பரிசோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்று வெற்றுத் தகரக் குவளைகளை எடுத்து, ஒன்றில் ஆற்று மணலும், ஒன்றில் தோட்டத்துச் செம்மண்ணும், ஒன்றில் குளத்துக் களியும் இடுங்கள். மூன்றிலும் பயறு விதைத்து, நாற்று நான்கு இலை விட்டதும் நன்றாக நீர் ஊற்றி, வடிந்தபின் தண்டைச் சுற்றி மண்ணைப் பொலித்தீனால் மூடிவிடுங்கள். பிறகு நீர் ஊற்ற வேண்டாம். செடி வாடியதும் ஈரத்துணி தொங்கவிட்ட ஒரு பெட்டிக்குள் இரவு முழுதும் வையுங்கள். காலையிலும் நிமிராவிட்டால் அன்றே அம்மண்ணை நிறுத்து, அடுப்புச் சூட்டில் நன்றாக உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த நிறையே, செடியால் எடுக்க முடியாமற்போன நீர். எங்கள் மாணவர்கள் நிறுப்பதற்கு முன்பே விடையைக் கண்டுகொண்டார்கள். மணற் குவளையைக் கவிழ்த்தபோது மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. களிமண் குவளையிலிருந்து எடுத்த மண்ணை ஒரு மாணவன் உருட்டி உருண்டையாக்கினான். அந்த உருண்டையில் வேர் ஒட்டிக்கொண்டு நின்றது; செடி மாண்டிருந்தது. பலகையில் எழுதிக்காட்டி நான் எத்தனை நாள் விளக்கியிருந்தாலும் அவ்வளவு தெளிவு அவர்களுக்கு ஏற்பட்டிராது.

முடிவாக, அந்தத் தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றேன். நாங்கள் பாறையில் ஏறும்போதே, பெரியவர் மேட்டுத் துண்டுக்குப் போகும் வாய்க்காலை மண்ணால் அடைத்து, கிணற்று நீர் முழுவதையும் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார். உச்சியில் நின்று பார்த்தபோது, காய்ந்த காட்டின் நடுவே குளம் ஒரு சிறு வட்டமாகச் சுருங்கிக் கிடந்தது தெரிந்தது. மாலையில் இறங்கி வந்தபோது, களிமண் துண்டின் நடுப்பகுதியில் செடிகள் பல தலைதூக்கத் தொடங்கியிருந்தன. ஓரத்திலிருந்த இரண்டு வரிசைகள் மாத்திரம் எழவில்லை. அம்மாணவி அவ்வரிசைகளைக் காட்டி, நாளைக் காலை இவை எழும்புமா என்று கேட்டாள். பெரியவர் ஒரு செடியின் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

நேயர்களே, மண்ணில் ஈரம் இருக்கின்றதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த ஈரம் பயிருக்குக் கிடைக்குமா என்றும் பார்க்கப் பழகுவோமாக. கிணற்று நீர் ஒரு துண்டுக்கே போதும் என்னும் நிலையில், எந்தத் துண்டுக்கு இன்று கொடுப்பது என்பதை அந்தக் கேள்விதான் முடிவுசெய்ய வேண்டும்.